பம்ப் இல்லாத என்ஜின்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருகுவதற்கான தடைக்காலம் அது. அந்த 61 நாட்களும் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் படகுத் தச்சர்களான ஓடாவிகளுக்கும் பெயின்ட் அடிப்பவர்களுக்கும் என்ஜின் மேஸ்திரிகளுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. பழைய என்ஜின்கள் கைமாறுவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். அப்படி ஒரு வியாபாரத்தைக் கூடவே இருந்து பார்க்க மண்டபத்தில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன்.

விலைக்கு நின்றது ஆறு சிலிண்டர் லேலண்ட் என்ஜின். லாரியில் ஓடி, பிறகு படகுக்கு மாற்றப்பட்டது. வாங்க வந்தவர் பாம்பன்காரர், ஒரே ஒரு படகு வைத்திருப்பவர். அவர் அழைத்து வந்த மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. எல்லோரும் அவரைப் பாய் என்றார்கள். விற்பவர் என்ஜினுக்குப் புதிதாகச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். பாய் நேராகப் பக்கவாட்டுக்குப் போய், கந்தல் துணி அடைத்திருந்த ஒரு ஓட்டையின் முன் குந்தினார்.

"கடல்தண்ணி பம்ப் எங்க தம்பி?"

"வேற போட்டுக்கு அவசரம்னு கழட்டிக் குடுத்துட்டோம் பாய். ஏதாச்சும் ஒண்ண மாட்டிக்கலாம். அதுக்குத் தக்கன விலையில கொறச்சுக்கிறேன்."

லாரி என்ஜினுக்கு முன்னால் ரேடியேட்டர் இருக்கும், ஓட்டத்தில் காற்று வரும். படகின் என்ஜின் அறையில் அந்தக் காற்று கிடையாது. அதனால் என்ஜினுக்குள் நல்ல தண்ணீர் தனியாகச் சுற்ற, அதன் சூட்டைக் கடல்தண்ணீர் குழாய்களின் வழியே வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. உப்புநீரை நேரடியாக இரும்புக்குள் விட்டால் அரித்துத் தின்றுவிடும் என்பதால் இந்த இரட்டை ஏற்பாடு. அந்தக் கடல்தண்ணீரை இழுத்துத் தருவதுதான் இங்கே காணாமல் போன பம்ப்.

பம்ப் இல்லாததைப் பற்றிப் பாய் பெரிதாகக் கவலைப்படவில்லை. அது எப்போது போனது, போன பிறகு யாராவது என்ஜினை ஓட்டினார்களா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பம்ப் உட்காரும் முகத்தில் இருந்த போல்ட்டுகளை நகத்தால் சுரண்டினார். உப்பேறித் தடித்திருந்தன. சமீபத்தில் கழற்றியதாக இருந்தால் மரை பளபளப்பாக இருந்திருக்கும். துணியை உருவிவிட்டு விரலை உள்ளே விட்டுப் பல்சக்கரத்தைத் தடவினார். விரல் நுனி சிவந்த துருவோடு வெளியே வந்தது. "ஒரு மழைக்காலம் தாண்டிருச்சு," என்றார், வாங்குபவரைப் பார்த்து. பிறகு ஆயில் குச்சியை உருவினார். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். கறுப்பாகவே இருந்தது. ஆனால் ஆயிலை மாற்றிவிட்டு விற்கிறவர்களும் உண்டு என்பதால் அதை அவர் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார்.

"ஹெட்டைக் கழட்டுனா கேஸ்கெட்டு செலவு யாரு குடுக்குறது?"

"நான் குடுக்குறேன்ணே," என்றார் பாம்பன்காரர் உடனே.

கழற்றிய ஹெட்டின் மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார் பாய். தண்ணீர் இல்லாமல் ஓடிய என்ஜினின் ஹெட் வளைந்துவிடும், லைனரில் கோடு விழும். ஓரிடத்தில் மட்டும் தகடு நுழைந்தது. கடைசல் பட்டறையில் முகம் தேய்த்தால் சரியாகிவிடும் அளவுதான். கிராங்கைக் கையால் சுற்ற வைத்து, ஒவ்வொரு லைனரையும் டார்ச் அடித்துப் பார்த்தார். கோடு இல்லை. ஓட்டையைச் சரியாக மூடாமல் போட்டுவைத்த அலட்சியம் உண்டு, சூட்டில் வெந்த என்ஜின் இல்லை. அங்கிருந்துதான் விலைப் பேச்சே தொடங்கியது.

இல்லாத பாகம் டீசலைப் பீய்ச்சும் பம்பாக இருந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்று பாய் பிற்பாடு சொன்னார். அதன் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அதை இந்தக் கரையில் யாரும் கடைய முடியாது. கடல்தண்ணீர் பம்ப் அப்படியல்ல. இன்னொரு படகின் பம்பை மாதிரியாக வாங்கி, மரத்தில் அச்சு செய்து, மணலில் கன்மெட்டல் வார்க்கலாம். நூற்றுக்கு 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம், 2 பங்கு துத்தநாகம் கலந்த உலோகம் அது. ஒரு காலத்தில் பீரங்கி வார்த்ததும் இதில்தான். விலை குறைவு என்று பித்தளையில் வார்த்துக்கொள்பவர்களைப் பாய் திட்டுகிறார், நியாயமாகவே. கடல்நீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை உறிஞ்சிவிடும். மிச்சமாகும் செம்பு பொத்தலாகி ஒருநாள் கையோடு வரும். உள்ளே சுழலும் ரப்பர் இம்பெல்லரை மட்டும் கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும்.

வார்ப்பைக் கடையும் பட்டறை ராமேஸ்வரத்தில் இருந்தது. லேத்தில் நின்ற இளைஞர் முதலில் கேட்டது மரையைப் பற்றித்தான். பழைய என்ஜின்களில் அங்குல மரை, பிற்பாடு வந்தவற்றில் மில்லிமீட்டர் மரை. ஒன்றில் மற்றதைத் திணித்தால் இரண்டு சுற்றுக்குப் பிடித்ததுபோல இருக்கும், என்ஜின் அதிர்வில் கழன்றுவிடும். அவர் மரை கேஜை வைத்துப் பார்க்கிற பொறுமையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கவனத்துக்குப் பின்னால் பாக் நீரிணை இருக்கிறது. இங்கே 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் போட்ட எல்லைக்கோடு கரைக்கு மிக அருகில். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது என்ஜின் நின்ற படகு கிழக்கே, இலங்கைப் பக்கமாகத்தான் ஒதுங்கும். அங்கே பிடிபட்டால், 1979இல் வந்து 2018இல் கடுமையாக்கப்பட்ட சட்டத்தின்படி வழக்கு, அபராதம், படகு பறிமுதல். 2022 பிப்ரவரியில் அப்படிப் பிடிக்கப்பட்ட படகுகள் நூற்றுக்கும் மேல் அங்கே ஏலத்துக்கு விடப்பட்டன. எல்லை தாண்டுவதெல்லாம் என்ஜின் கோளாறால் என்று நான் சொல்லவில்லை. மீனைத் தேடித் தாண்டுகிறவர்கள் உண்டு, இழுவை வலை அங்கத்திய தமிழ் மீனவர்களின் பிழைப்பை அழிப்பதும் உண்மை. ஆனால் நடுக்கடலில் என்ஜின் நின்றவனின் பயம் தனி.

இழுவைப் படகைக் குறைக்க 2017இல் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் வந்தது. புதுப்படகின் விலை அப்போது 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம். மிச்சம் 24 லட்சத்தை நினைத்தே பின்வாங்கியதாகப் பாம்பன்காரர் சொன்னார். அவருக்குக் கட்டுப்படியானது இந்தப் பழைய லேலண்ட்.

பாதிப் பணம் உடனே, மீதி தடைக்காலம் முடிந்து முதல் பாடு வலை இழுத்துத் திரும்பிய பிறகு என்று முடிவாயிற்று. கரையில் ஓட்டிக் காட்டுவதைப் பாய் கணக்கில் எடுக்க மாட்டார். வலையின் பாரத்தில் இரவு முழுக்க ஓட வேண்டும். என்ஜின் எண்ணை அவரே தாளில் எழுதிக்கொண்டார், மீன்வளத் துறையில் பதிவை மாற்றத் தேவை.

தடைக்கால நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது 8,000 ஆயிற்று. மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 2023இல் அறிவித்தார்கள். மேஸ்திரிகள் அந்தப் பட்டியலில் இல்லை. தடைக்காலத்தில் அவர்களுக்கு வேலை இருக்கிறது, சரி. ஆனால் மீனவர்கள் கைதாகி, அதைக் கண்டித்து வேலைநிறுத்தம் என்று படகுகள் வாரக்கணக்கில் கட்டிக் கிடக்கும்போது பட்டறையும் மூடித்தான் கிடக்கிறது. "அப்ப எங்கள யாரும் கேக்குறதில்ல," என்றார் பாய். கடலில் போகிற உயிர்களுக்குப் பொறுப்பேற்கிற இந்தக் கைகளை மீன்பிடித் தொழிலாளர் என்று பதிவு செய்யவும், வேலையில்லாத நாட்களுக்கு ஒரு தொகை தரவும் அரசு முன்வர வேண்டும். பாயிடம் பழகிய பையன்களில் இருவர் ஏற்கெனவே வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். லேத்தில் நின்ற இளைஞரும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னார்.