ஐப்பசியில் பசறைப் பாதை

பதுளை பஸ் தரிப்பிடத்தருகே சைக்கிள்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த குழுவைப் பார்த்து, பசறை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஐயா ஒருவர் சொன்னார்: "மத்தியானத்துக்குள்ள லுணுகலயத் தாண்டிருங்க தம்பி." வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. முதல் நாள் ரயிலில் கொழும்பிலிருந்து வந்தவர்கள் சிரித்துக்கொண்டார்கள். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்றல் உபகரணம் வாங்கப் பணம் சேர்த்து, பிபிலை வரை மிதிப்பது அவர்களுடைய திட்டம்.

ஐயா சொன்னதில் வானிலை அறிவு இருந்தது. ஊவாவின் பருவங்கள் மேற்கு மலைநாட்டுக்கு நேர்மாறு. தென்மேற்குப் பருவக்காற்று தன் தண்ணீரை ஹட்டன் பக்கமே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இங்கே வறண்ட கச்சான் காற்றாக வந்து வீசும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை நீடிக்கும் அந்த வறட்சியில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறுகிறது. ஒக்டோபர் பிறந்ததும் கணக்கு மாறும். காலையில் பளீரென்று வெயில், பின்னேரம் இடியோடு மழை. அதற்குப் பின்னால் வடகீழ்ப் பருவமழை.

பசறையை எட்டுவதற்குள்ளேயே 2,036 மீற்றர் உயரமான நமுனுகுல மலை மேகத்துக்குள் போய்விட்டது. சந்தியில் இஞ்சிப் பிளேன்டீ குடித்தார்கள். ஒரு பாதை மொனராகலைக்கு, ஒன்று மடுல்சீமைக்கு, இன்னொன்று லுணுகலை வழியாக பிபிலைக்கு. விலை உயர்ந்த சைக்கிள்களைச் சுற்றிப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். இங்கே சைக்கிளைத் தேட வேண்டும். லயத்திலிருந்து பாடசாலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நடைதான்.

லுணுகலைப் பாதையில் 13ஆம் கட்டை வந்ததும் முன்னால் போனவர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்தார்கள். 2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த இடம் அது. மேலிருந்து உருண்டு வந்த பாறையொன்று ஏற்கனவே பாதையைக் குறுக்கிக் கிடந்தது.

பிறகு மழை வந்தது. தூறலாகத் தொடங்கவெல்லாம் இல்லை, ஒரேயடியாகக் கொட்டியது. பிரேக் பிடித்தும் சில்லு வழுக்க, எல்லோரும் இறங்கி ஒரு கொழுந்து மடுவத்தில் ஒதுங்கினார்கள். உள்ளே இருந்த அம்மாமார் இடம் விட்டு நகர்ந்துகொண்டார்கள். கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே பேச்சு சைக்கிளிலிருந்து மலைக்குப் போனது. மழை கூடினால் இரவில் எங்கே போய்ப் படுப்பது என்பதுதான் அம்மாமாரின் கவலை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொண்டுவந்த மழையிலும் மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. சைக்கிளில் வந்தவர்களுக்கு மழை ஒரு பின்னேரக் கதை. மடுவத்தில் இருந்தவர்களுக்கு அது தை மாதம் வரை நீளும் கவலை.

ஆனாலும், இப்படி வியர்வை சிந்திப் பணம் சேர்ப்பது வீண் வேலை என்று சொல்பவர்கள் தெல்லிப்பழைக்குப் போய்ப் பார்க்கலாம். 2011இல் நாதன் சிவகணநாதனும் சரிந்த உணம்புவேயும் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்தார்கள். 'ட்ரெயில்' என்ற அந்த நடைபயணத்தில் சேர்ந்த பணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையாக நிற்கிறது. 2016இல் காலி கராப்பிட்டியப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக எதிர்த்திசையில் நடந்தார்கள். அமெரிக்காவின் மசசூசெட்ஸில் 1980இல் தொடங்கிய 'பான்-மாஸ் சலெஞ்ச்' சைக்கிள் பயணத்தில், ஓட்டுநர்கள் திரட்டும் பணம் முழுவதும் அங்குள்ள புற்றுநோய் நிலையம் ஒன்றுக்கே போகிறது. ஏற்பாட்டுச் செலவை அனுசரணையாளர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நம்மூர்ப் பயணங்கள் பலவற்றில் ரீ-சேர்ட்டுக்கும் பதாகைக்கும் ஆகும் செலவை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

குழு நனைந்தபடி லுணுகலையைக் கடந்து, இறக்கத்தில் கவனமாக இறங்கி, இருட்டுமுன் தோடம்பழத்துக்குப் பேர்போன பிபிலையை அடைந்தது. அங்கே பாதை காய்ந்து கிடந்தது.

ஊவாவில் இப்படியொரு பயணம் ஏற்பாடு செய்பவர்கள் ஆடி, ஆவணியில் வரட்டும். ஐப்பசியில்தான் வருவோம் என்றால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் காலையில் பார்த்துவிட்டு மிதியுங்கள். சேர்ந்த பணத்தின் கணக்கைப் பாடசாலைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள்.