துணியும் தகடும் ஒரே பிளாஸ்டிக்கில்

ஹாக்கர் ஹரிகேன் போர் விமானத்தின் இறக்கை விரிவு 40 அடி, அதாவது 12,192 மில்லிமீட்டர். 1/72 அளவு மாதிரிக்கு அதை 72ஆல் வகுத்தால் 169.3 மில்லிமீட்டர் வரும். 1/48க்கு 48ஆல் வகுத்தால் 254. புதிதாக வந்த பிளாஸ்டிக் மாதிரி விமானக் கிட் ஒன்றை மதிப்பிட உட்காருபவர், அட்டைப்படத்தை ரசித்து முடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த வகுத்தல்தான். இறக்கையின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பல மதிப்புரைகள் அதைச் செய்வதில்லை. உறுப்புகளின் எண்ணிக்கை, ரிவெட் புள்ளிகளின் நேர்த்தி, சின்னங்களை ஒட்டும் டீகல் தாளின் அச்சு என்று கண்ணைப் பறிப்பவற்றோடு நின்றுவிடுகின்றன.

ஒரு கிட்டில் இருக்கும் குறைகளில் கட்டுபவரின் கைக்கு எட்டுபவை உண்டு, எட்டாதவையும் உண்டு. விமானி இருக்கையில் பட்டை வார்க்கப்படவில்லையா? மெல்லிய ஈயத்தகட்டில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். டீகல் சரியில்லையா? வேறொன்று வாங்கலாம். மூக்கின் சரிவோ உடலின் குறுக்குவெட்டோ பிசகியிருந்தால் பட்டி பூசியும் உப்புத்தாள் தேய்த்தும் மீட்க முடியாது. அதனால்தான் வடிவத்தை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து பொருத்தம், அதன்பின் மேற்பரப்பு. நுண்விவரங்கள் கடைசியில் வந்தால் போதும்.

செக் நாட்டு எடுவார்ட் நிறுவனம் 2014இல் 1/48 அளவில் வெளியிட்ட மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109ஜி-6 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேற்பரப்பு வேலையில் அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அளவெடுத்துப் பார்த்தவர்கள், 1/48க்கு இருக்க வேண்டியதைவிட அது பெரிதாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் அதோடு விட்டுவிடவில்லை; 2016இல் புதிய அச்சுகளோடு அதே விமானத்தை மீண்டும் கொண்டுவந்தது. எஃகு அச்சு வெட்டுவது பெரும் செலவு பிடிக்கும் வேலை. அந்தச் செலவை ஏற்க வைத்தது ஸ்கேலும் கணக்கும்தான்.

ஹரிகேனுக்கு வருவோம். சிட்னி கேம் வடிவமைத்த இந்த விமானம் 1935 நவம்பர் 6 அன்று இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸில் முதன்முறை பறந்தது. விமானி அறைக்கு முன்னால் உலோகத் தகடு. பின்னால் உலோகக் குழாய்ச் சட்டகத்தைச் சுற்றி நீளவாக்கில் மரச்சட்டங்கள். அவற்றின் மேல் இழுத்துப் போர்த்திய லினன் துணி. சுக்கானும் வால் உயர்த்தியும் துணிதான். ஆக, ஒரே சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் இரண்டு வேறு பொருள்களைக் காட்டியாக வேண்டும். ஹரிகேன் கிட் தயாரிப்பவருக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை.

துணிக்கு டோப் என்ற பூச்சு பூசுவார்கள். காய்ந்ததும் துணி சுருங்கி, பறைத்தோல்போல விறைத்து நிற்கும். சட்டங்களுக்கு இடையே தொய்வு மிகக் குறைவு. வெயில் சாய்வாக விழும்போதுதான் முகடுகள் தெரியும். பல கிட்டுகள் இந்த இடத்தில் அளவு மீறுகின்றன. பட்டினி கிடந்தவரின் விலா தெரிவதைப்போல அல்லாமல், முகடு கண்ணுக்குத் தெரிவதற்குச் சற்று முன்பே விரல்நுனிக்குத் தட்டுப்பட வேண்டும். போலந்தின் ஆர்மா ஹாபி 2019இல் 1/72 அளவில் வெளியிட்ட ஹரிகேன் மார்க் 1க்குக் கிடைத்த பாராட்டில் இந்த அடக்கத்துக்குப் பங்கு உண்டு.

தகட்டுப் பகுதிக்கும் கணக்கு இருக்கிறது. தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்றால், 1/72இல் அது நிஜ விமானத்தில் 14 மில்லிமீட்டர் இடைவெளியைக் குறிக்கும். விரலே நுழைந்துவிடும் அளவு அது. எந்த விமானமும் அப்படிப் பறந்ததில்லை. ஆகவே கோடு என்று ஒன்று இருந்தாலே அது மிகைதான். அந்த மிகை ஒரே சீராக இருக்கிறதா, பெயிண்ட் ஏறியபின் அடங்குமா என்றுதான் பார்க்க வேண்டும். இறக்கையின் பின்விளிம்புக்கும் விமானி அறையின் கண்ணாடி மூடியான கேனோபிக்கும் இதே கணக்கைப் போடலாம். அரை மில்லிமீட்டர் தடித்த பின்விளிம்பு நிஜத்தில் 36 மில்லிமீட்டர் ஆகும். ஒரு மில்லிமீட்டர் தடித்த கேனோபி 72 மில்லிமீட்டர் கண்ணாடிச் சுவர் ஆகிவிடும். விளிம்பை உட்புறமாகத் தேய்த்து மெலிதாக்கலாம். கேனோபியை அப்படிச் செய்ய முடியாது.

எந்த ஹரிகேன் என்ற கேள்வியையும் பெட்டியிடம் கேட்டாக வேண்டும். தொடக்ககால விமானங்களில் இறக்கையும் துணியால் மூடப்பட்டிருந்தது. 1939 முதல் உலோக இறக்கை வந்தது. துணி இறக்கையோடு தப்பிய ஹரிகேன் ஒன்று ஃபின்லாந்தின் டிக்ககோஸ்கி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. புரொபெல்லரும் மாறியது: முதலில் இரண்டு அலகுள்ள மரப் புரொபெல்லர், பிறகு டி ஹாவிலாண்டின் மூன்று அலகு, ரோட்டாலின் மூன்று அலகு. ஒவ்வொன்றுக்கும் முன்கூம்பின் வடிவம் வேறு. வாலுக்கு அடியில் உள்ள சிறு துடுப்பு தொடக்க விமானங்களில் கிடையாது. மார்க் 1க்கு எட்டு துப்பாக்கிகள். மார்க் 2பிக்கு பன்னிரண்டு. மார்க் 2சிக்கு நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள்.

இந்த எண்ணிக்கை ஈழத்து வாசகருக்கு நேரடியாகப் பொருள்படும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, இரத்மலானையிலிருந்து 30ஆம் படைப்பிரிவும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 258ஆம் படைப்பிரிவும் ஹரிகேன்களோடு எழும்பின. 30ஆம் பிரிவிடம் இருந்தவை மார்க் 2பி. அந்த விமானத்தைக் கட்ட நினைப்பவர் பீரங்கி இறக்கை கொண்ட 2சி கிட்டை வாங்கினால், டீகல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. பெட்டிக்குள் எந்த இறக்கை இருக்கிறது என்பதை மதிப்புரை சொல்லியிருக்க வேண்டும்.

பசை தொடுவதற்கு முன் உறுப்புகளை வெறுமனே சேர்த்துப் பார்ப்பது அடுத்த கட்டம். ஹரிகேனில் தொல்லை பிடித்த இணைப்பு வயிற்றின் அடியில் வரும். கீழ் இறக்கையின் பின்விளிம்பு, துணிப் பகுதி தொடங்கும் இடத்தில் உடலோடு சேர்கிறது. அங்கே இடைவெளி விழுந்தால் பட்டி பார்த்துத் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது துணியின் முகடுகளும் கரைந்துபோகும். மற்ற விமானத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய கால் மில்லிமீட்டர் இடைவெளி இந்த விமானத்தில் பெருங்குறை. கிட் வடிவமைத்தவர் அந்த இணைப்பை உண்மையான தகட்டுக் கோட்டில் கொண்டுபோய் ஒளித்திருந்தால், அவர் கையில் வேலை தெரிகிறது என்று அர்த்தம்.

உள்ளே உறுப்புகள் பெருகப் பெருக இந்தச் சிக்கலும் பெருகும். ஏர்ஃபிக்ஸ் 2015இல் 1/48 அளவில் கொண்டுவந்த ஹரிகேன் மார்க் 1இல் இறக்கையின் துப்பாக்கி அறைகளைத் திறந்தும் காட்டலாம். அப்படி அடுக்கடுக்காக உள் உறுப்புகள் வரும் கிட்டில், ஒட்டும் பரப்புகளில் பெயிண்ட் படிந்திருந்தால்கூட இறக்கையின் மேல்பாதி மூடாது. சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும். கட்டிப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும் இந்தச் செய்தி, உறுப்புகளைப் படம்பிடித்து முடிக்கும் மதிப்புரையில் வராது.

விமானி அறையில் ஒன்றைக் கவனித்தால் போதும். ஹரிகேனில் முழுத் தளம் கிடையாது. விமானியின் கால்களுக்கு இரண்டு நீளத் தடங்கள் மட்டும், அவற்றுக்கு இருபுறமும் குழாய்களும் வெற்றிடமும். தட்டையான தரை ஒன்றை வைத்து இருக்கையை மேலே பொருத்தியிருக்கும் கிட், மூல விமானத்தின் உள்ளே எட்டிப் பார்க்காதவர் செய்தது.

இவ்வளவுக்குப் பிறகும் தீர்ப்பை எழுதிவிடக் கூடாது. ஒட்டி முடித்து, ஒரே நிற பிரைமர் அடித்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குளிரும்போது சுருங்கியதால் விழுந்த குழிகள், அச்சிலிருந்து தள்ளிய ஊசிகளின் வட்டத் தடங்கள், சரியாக மூடாத இணைப்புகள் அப்போது வெளிப்படும். எவை தானாகப் பொருந்தின, எவற்றுக்குப் பட்டி தேவைப்பட்டது, எதைத் திருத்தவே முடியவில்லை என்று மூன்றாகப் பிரித்து எழுதினால், காசு கொடுத்து வாங்கப்போகிறவர் அதை வைத்தே முடிவெடுத்துக்கொள்வார்.