முகமறியாச் சந்தை

“பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?” என்று கேட்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். உண்மைதான், பூவின் மணமே வீதியில் போவோரை அழைத்துவிடும். ஆனால், அந்தக் கடை வீதியில் இல்லாமல், தில்லி மாநகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தால் என் செய்வது? மணம் படியிறங்கி வருமோ?

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டில் கிடைக்கவில்லை. என் சித்தியின் அடுப்படியில் கிடைத்தது. சித்தப்பாவின் வேலை போன பின்பு, இட்லிப் பொடி இடித்து விற்கத் தொடங்கினார் சித்தி. பொடியில் குறையில்லை, வாங்குவோர்தாம் இல்லை. பிள்ளைகள் இருவரின் பள்ளிக் கட்டணம் அந்தப் பொடியை நம்பி நின்றது. “பெரிய படிப்பெல்லாம் படிக்கிறாயே, இதற்கொரு வழி சொல்லேன்” என்றார். சமூக ஊடகங்களைப் பற்றி அன்று அவருக்கு எடுத்துச் சொன்னவற்றையும், பின்னர் நாங்கள் கண்டறிந்தவற்றையும், புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கும் நண்பர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

செலவில்லா விளம்பரம் என்று இதைப் புகழ்வார்கள். அது பாதி உண்மை. பணம் மிஞ்சும், நேரமும் உழைப்பும் செலவாகும். உண்மையான பயன் வேறு. சுவரொட்டி பேசும், கேட்காது. இங்கோ, வாங்குவோர் திருப்பிப் பேசுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் படத்தைக் கண்ட பஞ்சாபிப் பெண்மணி ஒருவர், “இதைப் பராத்தாவுடன் உண்ணலாமா?” என்று கேட்டார். சித்தி முதலில் சிரித்தார். பிறகு நெய்யில் குழைத்துத் தாமே உண்டு பார்த்தார். இன்று அவர் விற்கும் பொட்டலங்களில் பாதி பராத்தா உண்பவர் வீடுகளுக்கே போகின்றன! எந்தச் சுவரொட்டி இதைச் சொல்லித் தந்திருக்கும்?

அடுத்த பயன், அளந்து பார்க்க முடிவது. ஆய்வுக்கூடத்தில் வெப்பத்தையும் செறிவையும் ஒருசேர மாற்றிவிட்டால், வினை விரைந்தது எதனால் என்று கூற முடியுமா? இங்கும் அப்படித்தான். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் அழகிய புட்டியின் படம் இட்டோம். மறு வாரம், அதே நேரத்தில், சித்தி உளுந்து வறுக்கும் சிறு காணொளி இட்டோம். புட்டிக்கு விருப்பக்குறிகள் மிகுதி. வறுத்த உளுந்துக்கு வாங்குவோர் மிகுதி. விருப்பக்குறி பள்ளிக் கட்டணம் கட்டுமா? எண்ண வேண்டியது விற்பனையையே.

நாணயம் இன்றேல் இவையெல்லாம் வீண். ஒருவர் “உப்பு மிகுதி” என்று எல்லோரும் காண எழுதினார். அதை அழிக்காமல், அங்கேயே வருத்தம் தெரிவித்து, வேறு பொட்டலம் அனுப்பினார் சித்தி. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணைப் பெற்றுப் பொட்டலத்தில் அச்சிட்டார். பணம் பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்வோர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நடுவண் அரசின் நுகர்வோர் துறையும் 2023-இல் வழிகாட்டியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்தச் சந்தை நடப்பது பிறர் நிலத்தில். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. அதை மட்டுமே நம்பிக் கடை விரித்தவர்கள் ஒரே நாளில் வீதியை இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று முகநூலும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஒருசேர முடங்கின. ஆகவே, வாங்குவோரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும், அவர்கள் இசைவோடு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார் சித்தி. வீதி பிறருடையது, உறவு நம்முடையது.

சொந்த ஊரில் கடை வைப்பவனுக்குத் தாத்தா காலத்து அறிமுகமே பாதி முதல். “இன்னார் பேரன்” என்ற ஒரு சொல் போதும்; கடன்கூடக் கிடைக்கும். ஊர் விட்டு வந்த நமக்கு அந்த முதல் ஏது? அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே உரக்கக் கூவுவோர் பலர். நாம் கொஞ்சம் கேட்கவும் பழகுவோம்.