தலைமுடி கொடுக்கப் போகிறவர்களுக்கு

ஜோலார்பேட்டையில் எங்கள் வீட்டுத் தலைமுடி வெளியே போக இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, காட்பாடி வழியாகத் திருப்பதி. இன்னொன்று, தெருவில் கூவிக்கொண்டு வரும் சிக்குமுடிக்காரர். சீப்பில் வந்ததை அம்மா உருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைத்திருப்பாள். அவர் எடை போட்டுவிட்டு ஒரு எவர்சில்வர் கிண்ணமோ கொஞ்சம் சில்லறையோ தருவார்.

இரண்டுமே கடைசியில் சந்தைக்குத்தான் போகின்றன. திருமலையில் பக்தர்கள் இறக்கும் முடியைத் தேவஸ்தானம் நீளவாரியாகப் பிரித்து ஏலம் விடுகிறது. அது சவரியாகவும் விக்காகவும் கடல் கடக்கிறது. 2004-ல், கோயில் காணிக்கை முடியில் செய்த விக்கை அணியக் கூடாது என்று யூத மதகுரு ஒருவர் தீர்ப்புச் சொன்னார். உடனே நியூயார்க்கின் புரூக்ளினில் யூதப் பெண்கள் தங்கள் விக்குகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அவ்வளவு தூரம் போகிற நம் ஊர் முடி, வேலூரில் கீமோ எடுத்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் தலைக்கு வர வேண்டுமென்றால் பெரிய விலை கொடுக்க வேண்டும். பெரியம்மா மகளுக்கு உடம்பு முடியாமல் போகும்வரை இதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

அக்காவுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. ஷூவின் மேல்பாகமான அப்பர் தைப்பாள். மார்பில் கட்டி என்று தெரிந்து வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். முதல் கீமோ முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, தலையணை முழுக்க முடி. வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அழிப்பதுதான் அந்த மருந்தின் வேலை. முடியின் வேரில் இருக்கும் செல்களும் அப்படி வேகமாகப் பெருகுகிறவை என்பதால் நோயோடு சேர்த்து அதையும் அடித்துவிடுகிறது. வைத்தியம் முடிந்து சில மாதங்களில் திரும்ப வளர்ந்துவிடும் என்றார் டாக்டர். கொத்துக் கொத்தாக உதிர்வதைப் பார்க்கப் பிடிக்காமல் அக்கா மீதியையும் மழித்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் வெளியே வந்தால் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "திருப்பதியா, திருத்தணியா?" எதிர்வீட்டு அம்மா கேட்டார். அக்கா "திருப்பதி" என்றாள். "பெருமாள் நல்லது பண்ணுவார்" என்று அவர் வாழ்த்தினார். அவர் மனதில் கள்ளம் கிடையாது. ஆனால் கோயில் மொட்டை என்றால் ஒரு மாதத்தில் முள்முள்ளாக வளர்ந்துவிட வேண்டும். அக்காவுக்கு வளரவில்லை, புருவமும் போய்விட்டது. "இன்னுமாம்மா வளரல?" என்று அதே அம்மா அடுத்த முறை கேட்டபோது அக்காவிடம் சொல்ல ஒரு பதிலும் இல்லை. அன்றிலிருந்து வாசலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

"அழகுக்காக விக் கேக்கலடி. கம்பெனி பஸ்ல ஏறணும், பால் வாங்கப் போகணும். பாக்கறவங்க எல்லாம் தலையைப் பார்த்துத்தான் பேசறாங்க" என்றாள்.

முதலில் வாங்கியது செயற்கை இழை விக். வேலூர் வெயில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழித்த தலையில் அது அரித்தது, வேர்த்துக் கொட்டியது. அடுப்புப் பக்கம் போனால் நெற்றி முடி சுருண்டு கருகியது. பிறகு ஒரு தன்னார்வ அமைப்பின் மூலம் நிஜ முடியில் செய்த விக் இலவசமாகக் கிடைத்தது. அதைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் அக்கா உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பினாள். ஷூ அப்பர் தைக்கிறவளின் கண் அப்படித்தான் பார்க்கும். உள்ளே மெல்லிய வலை. வலைக்கண் ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு முடியைக் கொக்கி ஊசியால் இழுத்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான முடிச்சுகள், எல்லாமே கைவேலை. விரலால் தடவிக்கொண்டே போனவள் சொன்னாள்: "இது நல்ல கை. பீஸ் ரேட்டுன்னா இந்தப் பொண்ணுக்கு எவ்வளவு குடுத்திருப்பாங்க?"

முடிதான் விக் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். முடி அதன் மூலப்பொருள் மட்டும்தான் என்று அக்காவின் அந்தக் கேள்வி எனக்குப் புரியவைத்தது. தோல் தொழில் ஊர்க்காரர்கள் இதைச் சொல்லாமலே அறிந்திருக்க வேண்டும். பச்சைத்தோல் யாருக்கும் செருப்பாகாது. கழுவி, பதனிட்டு, வெட்டி, தைத்தால்தான் காலுக்கு வரும். ஒருவர் முடியில் ஒரு விக் முழுதாக ஆவதும் இல்லை. பல பேருடையது சேர வேண்டும்.

என் முடியையும் கொடுப்பது என்று தீர்மானித்தேன். இடுப்புக்குக் கீழே இருந்தது. அதன் மேல் எனக்கு ஆசை உண்டு. அம்மா தடுத்தாள். அக்கா பிழைத்தால் என் முடியைப் பெருமாளுக்கு இறக்குவதாக யாருக்கும் சொல்லாமல் வேண்டிக்கொண்டிருந்தாளாம். "சாமிக்கு நேர்ந்ததை எடுத்து மனுஷங்களுக்குத் தரலாமா?" என்று அழுதாள். அவளோடு என்னால் வாதாட முடியவில்லை. அந்த வேண்டுதலும் அக்காவுக்காக வைத்ததுதானே. சில நாள் வீட்டில் பேச்சே இல்லை. கடைசியில் அம்மாவே ஒரு வழி கண்டாள். திருமலைக்குப் போய்த் தன் நரைத்த தலையை மழித்துக்கொண்டு வந்தாள். என் முடி எனக்கு விடுதலையானது.

பியூட்டி பார்லரில் வெட்டும்போது அழுகை வந்தது. மறைக்க விரும்பவில்லை; கொடுக்கும்போது வலிப்பதில் தப்பில்லை.

கொடுக்க நினைப்பவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முடியை வலையில் முடிச்சிடும்போது மடிப்பதால் நீளம் குறையும். அதனால்தான் பெரும்பாலான அமைப்புகள் பத்து, பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் கேட்கின்றன. முந்தின நாள் எண்ணெய் போகக் குளித்து, முழுதாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு கவரில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நாலைந்து சடையாகப் பிரித்து இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டு, மேல் பேண்டுக்கு மேலே வெட்டச் சொல்லுங்கள். தரையில் சிதறியதைக் கூட்டி அள்ளினால் வேரும் நுனியும் கலந்துவிடும். அந்த முடி சிக்குப் பிடிக்கும், நல்ல விக்குக்கு ஆகாது. சாயம் போட்ட முடியைச் சிலர் வாங்குவதில்லை, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சென்னையில் செரியன் ஃபவுண்டேஷன் கல்லூரிகளில் முடி திரட்டி, ஏழை நோயாளிகளுக்கு விக் செய்து தந்திருக்கிறது. மும்பையில் மதத் அறக்கட்டளை இதே வேலையைச் செய்கிறது. கேரளத்தில் 2019-ல் அபர்ணா லவகுமார் என்ற போலீஸ்காரர் முழங்கால் வரை வளர்த்திருந்த கூந்தலை மழித்துக் கொடுத்தது பத்திரிகைகளில் வந்தது. யாரிடம் கொடுப்பதானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். விக் நோயாளிக்கு இலவசமா? முடியை வெளியில் விற்கிறீர்களா? நேர்மையான அமைப்பு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.

எல்லா நோயாளிக்கும் விக் வேண்டும் என்பதும் இல்லை. அக்காவோடு வைத்தியம் பார்த்த ஒருவர் கடைசிவரை பருத்தித் துணிதான் கட்டிக்கொண்டார், அதுவே அவருக்கு நிம்மதியாக இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள்.

முடி வெட்ட முடியாதவர்கள், குட்டை முடிக்காரர்கள், ஆண்கள் எல்லோரும் இந்தக் காரியத்தில் சேரலாம். முடி இலவசமாக வந்தாலும் அந்த முடிச்சுகளைப் போடும் கைகளுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். சடையை அனுப்பும்போது அதோடு உங்களால் முடிந்த பணத்தையும் அனுப்புங்கள். சடை இல்லையென்றால் பணத்தை மட்டுமாவது அனுப்புங்கள்.