சோறு தின்றால் உடம்பு போடுமா?

மகன் வெளிநாட்டிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் முதல் கேள்வி இதுதான்: "அப்பா, இன்னும் சோறு சாப்பிடுறீங்களா?" திருட்டுத்தனமாகச் சுருட்டுப் பிடிக்கிறவனை விசாரிக்கிற மாதிரி கேட்பான். அவன் தப்பாகச் சொல்லவில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு, தொப்பையும் உண்டு. ஆனால் 2019ல் அவன் பேச்சைக் கேட்டு நான் செய்த காரியத்தை இங்கே எழுதிவைக்க வேண்டும். நம் வயசுக்காரர்கள் பலர் இதே பாதையில் போவதைப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு 68 வயசு, 84 கிலோ. மாவுச்சத்துதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று மகன் வீடியோ மேல் வீடியோவாக அனுப்பினான். சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். முட்டை, பன்னீர், கீரை, கொஞ்சம் பாதாம். பத்தே நாளில் மூன்று கிலோ இறங்கியது. பென்ஷனர் சங்கக் கூட்டத்தில் மார்தட்டிக்கொண்டேன். பதினான்காம் நாள் விடியற்காலையில் குளியலறையில் விழுந்து கிடந்தேன். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், நாக்கு குழறல். மனைவி கதவை இடித்துத் திறந்து, வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றியபின்தான் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. நெற்றியில் நான்கு தையல்.

நடந்தது இதுதான். நான் விழுங்கிவந்தது கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் வகை மாத்திரை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். நான் சோற்றை நிறுத்தினேன், மாத்திரையை நிறுத்தவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. அவர் பிறகு மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, திட்டிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீராம். சாப்பிடும் மாவுச்சத்தில் கொஞ்சத்தை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்று சேமித்துவைக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் முதலில் அந்தக் கையிருப்பு தீரும், தண்ணீரும் கூடவே போகும். தொப்பை அப்படியே இருக்கும். அவர் சொன்னது சரிதான். பழையபடி சாப்பிட ஆரம்பித்த ஒரு வாரத்தில் இரண்டு கிலோ திரும்பி வந்துவிட்டது.

படுக்கையில் கிடந்த நாட்களில் எனக்கு ஓயாமல் ஞாபகம் வந்தவர் தேவனூர் நாட்டுப் பெரியவர் ஒருவர்.

1978 முதல் 82 வரை நான் கொல்லிமலையில் எழுத்தராக இருந்ததைப் பழைய பதிவுகளில் எழுதியிருக்கிறேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, பஸ் விடுகிற இடத்தில் இறங்கி, அதற்கு மேல் நடை. மலையாளி மக்கள் தங்கள் மலையை நாடு நாடாகப் பிரித்து வைத்திருப்பார்கள். வளப்பூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என்று போகும் அந்த வரிசையில் தேவனூர் நாடும் ஒன்று. கணக்கெடுப்புக்கு அங்கே போனால் பெரியவர் வீட்டுத் திண்ணைதான் எனக்கு ஆபீஸ்.

அவர் வீட்டுச் சாப்பாடு என்ன? காலையில் கேழ்வரகுக் கூழ். மதியம் சாமைச்சோறு, மொச்சைக் குழம்போ கீரையோ. ராத்திரி கேழ்வரகுக் களி, இல்லையென்றால் வேகவைத்த குச்சிக்கிழங்கு. கறி என்பது நோம்பிக்கு மட்டும். எண்ணெய் தாளிக்கச் சொட்டு. மொத்தத்தில் முழுக்க முழுக்க மாவுச்சத்து! அதுவும் குருவி கொத்துகிற மாதிரி இல்லை. எனக்குப் போட்டதைப் போல இரண்டு பங்கு அவர் தட்டில் மலையாகக் குவிந்திருக்கும். அறுபது வயசு இருக்கும். வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். படிக்கட்டு வயலில் பகல் முழுக்கக் கொத்துவார், சாயங்காலம் விறகுக்கட்டோடு ஏறி வருவார். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஃபைல் கட்டோடு வருவேன்.

மாவுச்சத்து தின்றாலே உடம்பு போடும் என்றால் அந்த மலையே தொந்தியும் தொப்பையுமாக இருந்திருக்க வேண்டுமே?

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒல்லியெல்லாம் ஆரோக்கியம் என்று நான் சொல்லவரவில்லை. அறுப்புக்கு முந்தைய மாதங்களில் குதிர் காலியாகிப் பலாக்கொட்டையும் கிழங்குமாகப் பொழுதை ஓட்டிய வீடுகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாதி ஒல்லி உழைப்பால், பாதி பசியால். "அந்தக் காலத்து ஆரோக்கியம்" என்று வாட்ஸப்பில் எழுதுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பழி மாவுச்சத்து மேல் விழுந்தது நேற்றைக்கு அல்ல. புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, கிழங்கு, ரொட்டி, பருப்பு வகைகளுக்கெல்லாம் சேர்த்து 'ஃபெக்யுலான்' என்று ஒரு சொல் கற்றுக்கொடுத்தார்கள். நூலகத்தில் பின்னாளில் பிரியா-சவரென் எழுதிய 'சுவையின் உடலியல்' கைக்குக் கிடைத்தது. 1825ல் வந்த புத்தகம். ஆசிரியர் டாக்டர் அல்ல, நீதிபதி. உடம்பு பருக்க முக்கியக் காரணம் மாவும் கிழங்கும் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். சாட்சி? கறி தின்னும் ஓநாயும் கழுகும் பருப்பதில்லையாம். அவருக்கே நல்ல தொந்தி; அதை எதிரியாகப் பாவித்துப் போராடியதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவருக்கு 38 வருஷம் கழித்து, 1863ல், லண்டனில் சவ அடக்க வேலை செய்துவந்த வில்லியம் பான்டிங் என்பவர் ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, வெண்ணெய், பால், பீர் எல்லாவற்றையும் விட்டு ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 20 கிலோ குறைந்து, ஒரு சின்னப் புத்தகமே போட்டார். சர்க்கரையையும் வெண்ணெயையும் பீரையும் சேர்த்து விட்ட மனிதர் இளைத்ததற்கு உருளைக்கிழங்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

இப்போது சொல்லப்படும் வாதம் கொஞ்சம் நாகரிகமானது. மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறும், இன்சுலின் சுரக்கும், இன்சுலின் கொழுப்பைப் பூட்டிவைக்கும், ஆகவே பருமன் என்கிறார்கள். முதல் இரண்டு படியும் உண்மை. மூன்றாவதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கடைசிப் படி பரிசோதனையில் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்கு மாவுச்சத்தையும் இன்னொன்றுக்குக் கொழுப்பையும் குறைத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். 2018ல் முடிவு வந்தது. ஒரு கூறு சராசரி 6 கிலோ, மற்றது 5.3 கிலோ. இந்த வித்தியாசத்தை ஒரு வித்தியாசமாகவே அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இரு கூறிலும் சர்க்கரையும் மைதாவும் குறைக்கச் சொல்லியிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த வருஷம் அதே நாட்டு அரசு ஆராய்ச்சிக் கூடத்தில் கெவின் ஹால் என்பவர் 20 பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட் உணவும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவும் கொடுத்தார். வைத்த உணவில் மாவு, கொழுப்பு, சர்க்கரை, நார் எல்லாம் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி கூடப் போனது, எடையும் ஏறியது. மென்று தின்ன வேலையில்லாத உணவு, போதும் என்று வயிறு சொல்வதற்குள் உள்ளே போய்விடுகிறது.

எழுத்தன் புத்திக்கு இது இப்படிப் புரிகிறது. எடை ஒரு கணக்கு, இரத்தச் சர்க்கரை இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் தனித்தனித் தலைப்பு. சோறு சர்க்கரைக் கணக்கில் உடனே பற்று விழும். அதில் வாதமே இல்லை, எனக்கும் உங்களுக்கும் அளவு அவசியம். எடைக் கணக்கில் பார்ப்பது மொத்த வரவு, மொத்தச் செலவு. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி, ஒரு கிராம் எண்ணெய் 9. இந்த இரண்டு தலைப்பையும் ஒரே பேரேட்டில் எழுதியதால்தான் நான் குளியலறையில் விழுந்தேன்.

போன ஆடியில், வல்வில் ஓரி விழாக் கூட்டம் கலைந்த பிறகு, மனைவியோடு தேவனூர் நாட்டுக்குப் போனேன். பெரியவர் காலமாகி வெகுநாளாயிற்று. மருமகளுக்கு இப்போது அறுபதுக்கு மேல். அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. உடம்பு போட்டிருந்தது. முழங்கால் வலி, சர்க்கரை.

"சாமையா? அது விதைச்சு எத்தன வருசம் ஆச்சு சார். எல்லாம் குச்சிக்கெழங்குதான்" என்றார்.

வயல் முழுக்கக் குச்சிக்கிழங்கு. லாரி வந்து ஏற்றிக்கொண்டு கீழே நாமக்கல், சேலம் பக்கத்து சேகோ மில்லுக்குப் போகிறது. போர்க்காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் தொடங்கிய தொழில் அது. காசு வருகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. வீட்டுக்குச் சோறு ரேஷன் அரிசி. 2011 ஜூனிலிருந்து இலவசம். குதிர் காலியான வீட்டைப் பார்த்தவன் என்ற முறையில் அந்த அரிசியை நான் ஒருநாளும் பழிக்கமாட்டேன். சாமையைக் காப்பாற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து மலையில் பாடுபடுகிறது. உரலில் குத்துகிற பெண்களின் தோள்வலி தீர உமி நீக்கும் எந்திரமும் கொண்டுவந்தார்கள்.

என் மனைவி சந்தையில் சாமை வாங்கினாள். வெள்ளை வெளேரென்று தீட்டியது. சாமை தின்றால் இளைக்கும் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் பச்சரிசியில் 356 கலோரி, சாமையில் 346. பத்துதான் வித்தியாசம்! நார்ச்சத்து அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, சாமையில் ஏறக்குறைய 8. சாமையின் பலம் அந்த நார்தான். தீட்டத் தீட்ட அதுவும் போய்விடும். 2025ல் வெளியான நம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வும், நாம் சாப்பிடுவதில் 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்து வருகிறது, அளவைக் குறைக்காமல் அரிசியை விட்டு கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை, பருப்பு, பால் மாதிரிப் புரதத்தைக் கூட்டினால் குறைகிறது என்கிறது.

மருமகளிடம் நடை உண்டா என்று கேட்டேன்.

"நடையா? பேரன் வண்டி வச்சிருக்கான் சார். ரேஷன் கடைக்கும் அதுலதான்."

திண்ணையில் டீ வந்தது, கூட மிக்சரும் க்ரீம் பிஸ்கட்டும். பெரியவர் காலத்தில் அதே திண்ணையில் எனக்கு வந்தது பலாச்சுளை. அந்த அம்மா டீயை மட்டும் எடுத்துக்கொண்டார். சர்க்கரை என்று தெரிந்ததும் யாரோ அரிசியே ஆகாது என்று சொன்னதிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாராம். டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாராம். விடியக்காலம் சில நாள் வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். என்னுடைய அதே வகை. நெற்றித் தழும்பைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். வேர்த்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்கும்படியும், மறுநாளே பேரனோடு செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அட்டையைக் காட்டும்படியும் சொல்லிவிட்டு, டாக்டரிடம் சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு கேட்டார்: "அப்ப இன்னிக்கு ராத்திரி சோறு திங்கலாங்களா சார்?"

"தின்னுங்க அம்மா. மாமனார் மாதிரிக் குவிச்சு வச்சுக்காதீங்க. ஒரு கரண்டி, மொச்சை நெறையப் போட்டு."

"மொச்சை கெடக்கு" என்று எழுந்து உள்ளே போனார்.