ஒரு டம்ளர் தண்ணீர்

போன மாதம் முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். சூடாக பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள். அவளோ அதைவிடச் சூடாக இருந்தாள்.

அவள் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடம் போவதில்லை. படிக்காமல் இல்லை, வீட்டிலேயே படிக்கிறான். காலையில் அம்மாவிடம் கணக்கு. சாயங்காலம் அப்பாவோடு பீச் ரோட்டில் நடந்துகொண்டே சரித்திரம். துறுதுறுவென்று இருப்பான்.

"காலைல ஒரு டீச்சரம்மா நோட்டும் கையுமா வந்து நிக்கிறாங்க மாமா. பையன் எந்த ஸ்கூல்னாங்க. வீட்லயே படிக்கிறான்னு சொன்னேன். 'பள்ளி செல்லாதவர்'னு எழுதிக்கிட்டு, பையனைக் கூப்பிடுங்க பேசணும்கறாங்க. என் பிள்ளையைச் சோதிக்க இவங்க யாரு?"

"நீ என்ன சொன்னே?"

"தூங்கறான்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன்."

அவள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்விச் சட்டம், 6 முதல் 14 வயது வரை பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. வீட்டில் சொல்லிக் கொடுக்கலாமா? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால், ஊரில் இருக்கும் பிள்ளைகளின் பதிவேட்டை வைத்துக்கொண்டு, அவர்கள் சேர்ந்தார்களா, வருகிறார்களா, படித்து முடித்தார்களா என்று பார்க்கிற பொறுப்பை உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்திருக்கிறது. நம்ம ஊர் உள்ளாட்சி கதைதான் உங்களுக்குத் தெரியுமே! 38 வருடம் கழித்து 2006-ல் தேர்தல் நடந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. அதற்கப்புறம் வருடக்கணக்கில் தேர்தலே இல்லை. ஆக, வாசலுக்கு வருவது கவுன்சிலர் இல்லை, டீச்சர்தான்.

"நானும் அந்த நோட்டைத் தூக்கினவன்தாம்மா" என்றேன்.

2005-ம் வருடம். அப்போது நான் வாத்தியார். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க எங்களை வீடு வீடாக அனுப்பினார்கள். நல்ல வெயில். ஒரு பெரிய வீட்டில் ஊஞ்சலில் உட்கார வைத்து உபசரித்தார்கள். பத்து வயசு இருக்கும், ஒரு பெண் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தது.

"பொண்ணு எந்த ஸ்கூல்மா?"

"எங்க உறவுக்காரப் பொண்ணு சார். ஊர்ல வசதி இல்லே. நானே வீட்ல வெச்சுப் பாடம் சொல்லிக் குடுக்கறேன்."

நம்பினேன் என்று சொன்னால் பொய். டம்ளரை வாங்கும்போது அந்த விரல்களைப் பார்த்தேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்த விரல்கள். பென்சிலை நீட்டி, 'உன் பேரை எழுதிக் காட்டு பாப்பா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வீட்டின் பெரிசும், அந்தம்மாவின் இங்கிலீஷும் என் வாயை அடைத்துவிட்டன. 'வீட்டில் படிக்கிறாள்' என்று குறித்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

அடுத்த வருடம், 2006 அக்டோபர் 10 முதல், 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்று மத்திய அரசின் தடை வந்தது. பேப்பரில் படித்த அன்று மனசு கேட்காமல் அந்த வீட்டுக்குப் போனேன். "ஊருக்குப் போயிட்டாளே" என்றார்கள். எந்த ஊர் என்று சரியாகப் பதில் வரவில்லை. நோட்டைப் புரட்டினேன். பேர்கூட இல்லை. 'உறவுக்காரப் பெண்' என்று மட்டும் என் கையெழுத்தில் இருந்தது.

அக்கா மகள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "அதுக்கு நான் என்ன மாமா பண்ணுவேன்? என் பிள்ளை அப்படியா?" என்றாள்.

"இல்லேம்மா. ஆனா நீ சொன்னதும் அந்தம்மா சொன்னதும் ஒரே பதில். வாசல்ல நிக்கிறவங்களுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?"

நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நாட்டில் 1882-லேயே கல்வியைக் கட்டாயமாக்கினார்கள். பள்ளிக்கூடத்தை அல்ல, கல்வியை. வீட்டில் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் பிள்ளைக்கு வருடா வருடம் பரீட்சை உண்டு என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இப்போதும் மேயர் அலுவலக விசாரணை, கல்வித் துறையின் வருடாந்திரச் சோதனை எல்லாம் உண்டு. 2022 முதல் முன் அனுமதியும் வாங்க வேண்டும். அனுமதி கேட்பது அதிகம் என்று அங்கே பெற்றோர்கள் சண்டை பிடித்தார்கள். எனக்கும் அது அதிகம் என்றுதான் படுகிறது. ஆனால், பிள்ளையை நேரில் ஒரு தடவை பார்ப்பது?

இங்கிலாந்தில் சாரா ஷெரீப் என்று பத்து வயசுப் பெண். வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று சொல்லி 2023 ஏப்ரலில் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். ஆகஸ்டில் அந்த வீட்டில் பிணமாகக் கிடந்தாள். அப்பாவுக்கும் சித்திக்கும் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை. கதவு சாத்தியே இருந்தால், நல்ல வீடும் அந்த வீடும் வெளியே ஒன்றாகத்தான் தெரியும்.

போன வாரம் அவளிடமிருந்து போன்.

"டீச்சரம்மா திரும்பி வந்தாங்க மாமா. உள்ள கூப்பிட்டேன். அரை மணி நேரம் அவன்கூடப் பேசினாங்க. கணக்கு நல்லா வருதாம். தமிழ்க் கையெழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்காம். பதினாலு வயசு முடிஞ்சா தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியா பத்தாவது எழுதலாம்னு அவங்களே சொன்னாங்க."

"நோட்டுல என்ன எழுதினாங்க?"

"கட்டம் ரெண்டுதானே மாமா இருக்கு? 'பள்ளி செல்லாதவர்'தான். ஆனா பக்கத்துல, 'நேரில் பார்த்தேன், நன்றாகப் படிக்கிறான்'னு எழுதி, அவன் பேரையும் எழுதிக்கிட்டாங்க."

"அவங்களுக்குத் தண்ணி கொடுத்தியா?"

"கொடுத்தேனே. ஏன் கேக்கறீங்க?"

"யார் கொண்டு போய்க் கொடுத்தது?"

"நான்தான்."

"சரிம்மா" என்று போனை வைத்தேன்.