ஃபுல் பெஞ்ச் கச்சேரியும் தீராத வழக்கும்

பாடகர் ஒருவர். வயலின் ஒன்று. அதற்குப் பிறகு மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், வாயாலேயே ஜதி சொல்லும் கொன்னக்கோல். காஞ்சிபுரம் நைனா பிள்ளை பாட உட்கார்ந்தால் மேடை இப்படித்தான் நிறையும். ஹைகோர்ட்டில் நீதிபதிகள் கூட்டமாக அமர்ந்து விசாரிப்பதற்கு உள்ள பெயரையே ரசிகர்கள் அந்தக் கச்சேரிக்கும் சூட்டினார்கள்: ‘ஃபுல் பெஞ்ச்’. பெயரோடு விட்டார்களா என்றால் இல்லை. வழக்கும் தொடுத்தார்கள். இது சங்கீதமா, கணக்கா? பாட்டைக் கேட்க வந்தவனுக்கு இத்தனை அடி எதற்கு? இவர் பாடகரா, தாள வித்வானா? 1934-இல் நைனா பிள்ளை காலமாகிவிட்டார். வழக்கு மட்டும் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறது.

எதற்கு என்ன பேர் என்ற இதே வழக்கைக் கடல் கடந்து இன்னொரு கூட்டம் வேறு கோர்ட்டில் நடத்துகிறது. ஹெவி மெட்டல் ரசிகர்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து வந்த பிளாக் சபாத் 1970 பிப்ரவரியில் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. மெட்டல் அங்கேதான் பிறந்தது என்பது ஒரு கட்சி. அதற்கு முன்பே லெட் செப்பலின் இல்லையா என்பது எதிர்க்கட்சி. லெட் செப்பலின் மெட்டலே இல்லை, ஹார்ட் ராக்தான் என்பது மூன்றாவது கட்சி. சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா குழுவை எங்கே வைப்பது என்பதிலும் தகராறு உண்டு. கதிர் முன்னின்று பாடும் அந்தக் குழு சமஸ்கிருத மந்திரங்களை டெத் மெட்டல் கர்ஜனையோடு சேர்த்து, தன் இசைக்கு ‘வேதிக் மெட்டல்’ என்று தானே பேர் வைத்துக்கொண்டது. பேர் வைத்தவர்கள் சொல்வதை ரசிகர்கள் கேட்டுவிடுவார்களா என்ன?

இதை எழுதுகிறவர் மிருதங்கக்காரர். ஆகவே தீர்ப்பில் கொஞ்சம் சார்பு இருக்கும். வாசகர் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனால் நைனா பிள்ளை வழக்கில் வாதாடியவர்கள் பெரும்பாலும் சபாவில் எதிரே உட்கார்ந்தவர்கள். மேடையில் பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களின் சாட்சியம் குறைவாகவே பதிவாகியிருக்கிறது.

முதலில் ஆளைப் பற்றி. 1889-இல் பிறந்தவர். இயற்பெயர் சுப்பிரமணியம். தாயார் காமாட்சி, தாயாரின் சகோதரி அந்தக் காலத்தில் பெரும் பேர் பெற்ற பாடகி காஞ்சிபுரம் தனகோடி அம்மாள். வீடு முழுக்கச் சங்கீதம் ஓடியும் பையன் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, மல்யுத்தமும் காற்றாடியுமாகத் திரிந்தான், பாட்டுக்கு வந்தது பிற்பாடுதான் என்று சொல்வார்கள். வந்த பிறகு விடவில்லை. ஜலதரங்கம் ரமணய்யா செட்டியாரிடம் தியாகராஜ கீர்த்தனைகளைச் சேகரித்தார். திருப்புகழை அதன் சிக்கலான சந்தங்களோடு பாடினார். காஞ்சியில் தியாகராஜர் உற்சவத்தை நடத்தினார். மேடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை: வயலினுக்கு மலைக்கோட்டை கோவிந்தசாமி பிள்ளை, மிருதங்கத்துக்குக் கும்பகோணம் அழகநம்பி பிள்ளை, கஞ்சிராவுக்குப் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை, கொன்னக்கோலுக்கு மன்னார்குடி பக்கிரியா பிள்ளை. இதில் தட்சிணாமூர்த்தி பிள்ளை, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையின் சீடர். அவர் வாசிக்கும்போது தாளம் தவறினால் பாடகரின் மானம் அன்றே கப்பலேறும்.

இவ்வளவு பேரை எதிரில் வைத்துக்கொண்டு பாடுவது என்றால் என்ன என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஆதி தாளம், ஒரு களை. எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, மொத்தம் 32. ‘ததிங்கிணதொம்’ ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை வாசித்து, நடுவில் இரண்டு இரண்டு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி, விட்டால் 19 வரும். தாளம் தொடங்கும் இடமான சமத்தில் போய் விழ வேண்டுமானால் 13 மாத்திரை கழித்து எடுக்க வேண்டும். அதாவது மூன்று அட்சரமும் கால் அட்சரமும் தள்ளி. பாட்டின் எடுப்பு அரை இடத்தில் இருந்தால் 15 கழித்து. முக்கால் இடம் என்றால் 16. மிருதங்கம் கற்கும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும் கணக்குதான் இது. இதையே ஆறு பேர், ஆறு வாத்தியத்தில், எழுதி வைக்காமல், பாடகர் அந்தக் கணத்தில் போட்ட ஸ்வரக் கணக்கைக் காதில் வாங்கி, ஒன்றாகக் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்றால்தான் விஷயம் கனக்கிறது.

பல்லவி இன்னும் கடினம். ஒரே ஒரு வரி. கை அதே வேகத்தில் தாளம் போட, வரி பாதி வேகத்துக்குப் போகும், இரட்டை வேகத்துக்கு வரும், மும்மூன்றாகப் போகும் திஸ்ரத்துக்குத் திரும்பும். ஒவ்வொரு முறையும் வரியின் நடுவில் நிற்கும் இடமான அருதி தன் இடத்தில் வந்து நிற்க வேண்டும். அனுலோமம் இது. வரியை நிறுத்தி வைத்துத் தாளத்தை மாற்றினால் பிரதிலோமம். பாடகரின் வாய் ஒரு கணக்கில், கை ஒரு கணக்கில் இருக்கும்போது, தொடை மேல் விழும் அந்தக் கை ஒரு மயிரிழை நடுங்கினாலும் மிருதங்கக்காரருக்குத் தெரிந்துவிடும். சபைக்குத் தெரியாது.

ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய மெஷுகா என்ற மெட்டல் குழு செய்துவருவதும் இந்தக் கணக்குக்குத் தூரத்து உறவுதான். டிரம்ஸில் சிம்பல் நாலு நாலாக எண்ணிக்கொண்டே போகும். கிட்டார் வேறொரு ஒற்றைப்படை எண்ணில் சுற்றும். பல சுற்றுக்குப் பிறகு இரண்டும் ஒரு இடத்தில் சேரும். அங்கேயும் ரசிகர்கள் கேட்ட கேள்வி ‘இது பாட்டா, கணக்கா’ என்பதுதான். ‘மேத் மெட்டல்’ என்று ஒரு பேரே வந்துவிட்டது. காஞ்சிபுரத்துக்காரருக்குச் சிரிப்பு வரும்.

ஃபுல் பெஞ்ச் என்றதும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் அடித்து நொறுக்குவார்கள் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. அப்படி வாசித்தால் பத்து நிமிஷம் தாங்காது. பல வாத்தியம் கூடும் கச்சேரியின் முறையே விட்டுக் கொடுப்பது. கீர்த்தனைக்கு மிருதங்கம் போகும். மற்றவர்கள் தொட்டும் தொடாமலும் இருப்பார்கள். அனுபல்லவி, சரணத்தில் ஒவ்வொருவராக நுழைவார்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறியில் கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். உடலும் கரையும் ஒவ்வொரு இழைக்கும் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அந்த இன்னொரு ஆள் அவசரப்பட்டால் புடவை போச்சு. தனி ஆவர்த்தனத்தில்தான் ஒவ்வொருவருக்கும் முழு இடம் வரும்: நான்கு ஆவர்த்தனம், பிறகு இரண்டு, ஒன்று, அரை, கால் என்று குறைப்பு இறங்கி, கடைசியில் முடிவுக் கணக்குகளான மோராவிலும் கோர்வையிலும்தான் மொத்தப் பேரும் சேருவார்கள்.

இங்கேதான் பாடகரின் சாமர்த்தியம். ஆறு பேர் வாசிக்கும் மேடையில் காலப்பிரமாணம் ஓடத்தான் பார்க்கும். உற்சாகம் ஏற ஏற வேகம் ஏறும். அது மனித இயல்பு. எடுத்த வேகத்தை விடாமல் இறுகப் பிடித்து உட்காரும் பாடகர் இல்லாவிட்டால் ஃபுல் பெஞ்ச் ஒரே கூச்சலாகிவிடும். நைனா பிள்ளையின் கச்சேரிக்கு அத்தனை பெரிய வித்வான்கள் வந்து உட்கார்ந்தார்கள் என்றால், நடுவில் இருந்தவர் ஆடாத தூணாக இருந்திருக்கிறார் என்றே பொருள். கனம் வந்தது அடியின் எண்ணிக்கையால் இல்லை, அவருடைய நிதானத்தால். பிளாக் சபாத்தின் கதையும் சற்றே இப்படித்தான். தகட்டுத் தொழிற்சாலையில் வலது கை விரல் நுனிகளை இழந்த அந்தக் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி, பிறகு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். ‘ஹெவி’ என்று ரசிகர்கள் சொன்னது அந்த இறங்கிய சுருதியையும் அவசரமில்லாத நடையையும் சேர்த்துத்தான்.

அந்தக் காலத்தில் எதிர்முகாம் பலமாக இருந்தது. நைனா பிள்ளைக்கு ஒரு வயது இளையவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். விறுவிறுப்பான வர்ணம், மத்யம காலத்தில் பல கீர்த்தனைகள், அளவான பல்லவி, கடைசியில் துக்கடாக்கள் என்று இன்றுவரை நிலைத்துவிட்ட கச்சேரி பத்ததி அவர் கைப்பட்டது. ஜெயித்தது அரியக்குடி பாணி. அதில் சந்தேகமே இல்லை. மைக் வந்தது, கச்சேரி நேரம் சுருங்கியது, கொன்னக்கோல் மேடையை விட்டு இறங்கியது, பெஞ்சில் ஒன்றிரண்டு நீதிபதிகளே மிஞ்சினார்கள். ஜெயித்த பாணிதான் சரித்திரத்தையும் எழுதும். ‘லய வித்வான்’ என்று நைனா பிள்ளையை ஒரே சொல்லில் மூலையில் உட்கார வைத்தது அந்தச் சரித்திரம்தான்.

காஞ்சிக்கும் தாளத்துக்கும் உள்ள தொடர்பு அவரோடு தொடங்கியதும் இல்லை. சாப்பு தாளத்தை மூன்று நான்காகவும் நான்கு மூன்றாகவும் புரட்டி அழகு பார்த்த சியாமா சாஸ்திரியின் முன்னோர் காஞ்சி பங்காரு காமாட்சிக்குப் பூஜை செய்தவர்கள். விக்கிரகத்தோடு ஊர் ஊராகப் போய்க் கடைசியில் தஞ்சைச் சீமைக்கு வந்து சேர்ந்த குடும்பம் அது. தாளக் கணக்கில் இவ்வளவு ஆழமானவரை யாரும் ‘கணக்கர்’ என்று சொல்வதில்லை. அவருக்கு ஒரு நியாயம், நைனா பிள்ளைக்கு ஒரு நியாயமா?

சாட்சிக்கு வருவோம். இன்று கேட்க நைனா பிள்ளையின் குரல் இல்லை. இசைத்தட்டு கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. பிளாக் சபாத் ரசிகன் ஊசியைத் தட்டில் வைத்து ‘கேள்’ என்று சொல்லிவிடலாம். இந்த வழக்கில் சீடர்களைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டும்.

முதல் சாட்சி டி.பிருந்தா. வீணை தனம்மாளின் பேத்தி. தங்கை முக்தாவோடு காஞ்சியில் நைனா பிள்ளையிடம் சில ஆண்டுகள் கற்றவர். அவர் பாடிய க்ஷேத்ரய்யா பதங்கள் கர்நாடக இசையிலேயே மிக மெதுவாக நகர்பவை. ராகத்தின் ஒவ்வொரு வளைவும் தனித்தனியாகத் தெரியும்படி பாடுவார். தாளப் போர்க்காரரின் சிஷ்யை இவரா என்று எதிரே இருப்பவர்கள் ஆச்சரியப்படலாம். மிருதங்கக்காரர் ஆச்சரியப்பட மாட்டார். வேகமான பல்லவியில் ஒரு பிசகு மறைந்துவிடும். விளம்பத்தில் ஓடும் பதத்தில் ஒரு அட்சரத்துக்கும் அடுத்த அட்சரத்துக்கும் நடுவில் ஒதுங்க இடமே கிடையாது. அங்கே கை நிற்பதற்கு ஃபுல் பெஞ்சை அடக்கிய பயிற்சிதான் வேண்டும். 1976-இல் அவருக்கு சங்கீத கலாநிதி கிடைத்தது.

இரண்டாவது சாட்சி டி.கே.பட்டம்மாள். 1919-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். நைனா பிள்ளையின் உற்சவக் கச்சேரிகளைச் சிறுமியாக உட்கார்ந்து கேட்டவர். அவர் நடத்திய போட்டியில் பரிசும் வாங்கியவர். பெண்கள் ராகம் தானம் பல்லவி பாடக் கூடாது என்று எழுதாத சட்டம் இருந்த நாளில், கடினமான பல்லவிகளை மேடையேற்றி ‘பல்லவி பட்டம்மாள்’ ஆனார். பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றிருந்த பாலக்காடு மணி ஐயர் அவருக்கு வாசித்தார். பிறகு சம்பந்தியும் ஆனார். மணி ஐயர் முகஸ்துதிக்காக மிருதங்கத்தைத் தொடுகிறவர் இல்லை. நைனா பிள்ளை விட்டுப்போனதில் மிகப் பெரியது பட்டம்மாளின் இந்தப் பல்லவிதான் என்பது இந்தக் கட்டுரையாளரின் கட்சி.

மூன்றாவது, சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1954-இன் சங்கீத கலாநிதி. குருவோடு கூடவே பாடியவர், கணக்கில் புலி. ஆனால் ஊரெல்லாம் அவரை அறிந்தது ‘மதுரா நகரிலோ’ என்ற ஆனந்தபைரவி இசைத்தட்டால். அதைக் கேட்டு யாரும் கணக்கு என்று சொல்ல முடியாது.

ஆகவே தீர்ப்பு: நைனா பிள்ளை பாடகர்தான். தாளம் அவருடைய பாட்டைத் தாங்கியது, விழுங்கவில்லை. பிருந்தாவின் ஒரு பதத்தையும் பட்டம்மாளின் ஒரு பல்லவியையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, ஒப்பாதவர்கள் அப்பீல் செய்யட்டும். காஞ்சிபுரத்தில் இசை விழா நடத்துகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வருஷத்தில் ஒரு நாளாவது ஊர்க்காரர் பேரில் ஒரு முழு ஃபுல் பெஞ்ச் கச்சேரி வையுங்கள். கொன்னக்கோலுக்கும் இடம் கொடுங்கள். முடிந்தால் மைக்கை அணைத்துவிடுங்கள்.